நாலு விரல் மணல்

முதலில் டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். இந்தக் கடையில் டீ சுமாராகத்தான் இருக்கும், பருப்பு வடை நன்றாக இருக்கும். எதிரே தெரிகிறதே, அந்தக் கோழிக்கடை என்னுடையது. மதியத்துக்கு மேல் அங்கே பெரிய வியாபாரம் கிடையாது. நிதானமாகவே பேசலாம்.

விஜயபாண்டியைப் பற்றிப் புத்தகம் எழுத மெட்ராஸிலிருந்து ஓடைப்பட்டி வரைக்கும் வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். இதற்கு முன் ஒரு பத்திரிகைக்காரர் வந்து போனார். அவர் என் பெயரை சுருளிராஜன் என்று போட்டுவிட்டார். நான் சுருளிவேல். படத்திலும் முகமூடி மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால் என் சொந்த மாமனாருக்கே அடையாளம் தெரியவில்லை. நீங்களாவது சரியாக எழுத வேண்டும். அமெரிக்கா போக இருந்தவன் கை எப்படிப் போனது என்று கேட்டீர்கள் அல்லவா? அதை முறையாக, முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள்.

எங்கள் ஊருக்கு பேஸ்பால் வந்ததே தவறுதலாகத்தான். பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் ஜோஷ்வா சார் வாலிபால் பயிற்சி முகாமுக்குப் போனார். அங்கே இடமில்லை. பக்கத்து மைதானத்தில் பேஸ்பாலுக்கு ஒரு ஆள் குறைகிறது என்று அவரை அங்கே தள்ளிவிட்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு மட்டை, இரண்டு தோல் கையுறை, ஒரு கம்பி முகமூடியோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். எங்களை வரிசையில் நிறுத்தி முகமூடியை ஒவ்வொரு தலையாக மாட்டிப் பார்த்தார். என் தலையில்தான் அது ஆடாமல் நின்றது. நான் கேட்சர் ஆனது இப்படித்தான். திறமையைப் பார்த்து எடுத்தார்கள் என்று நீங்கள் எழுதினால் மறுக்க மாட்டேன்.

கேட்சர் என்றால் யார் என்று உங்கள் வாசகர்களுக்கு விளக்கிவிடுங்கள். பந்தை எறிகிறவன் பிட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து அந்தப் பந்தை வாங்குகிறவன் கேட்சர். ஊர் உலகத்துக்கு பிட்சர்தான் தெரிவான். ஆனால் எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று முடிவு செய்கிறவன் கேட்சர். தொடைக்கு நடுவில் கையை வைத்து விரல் காட்டுவான். ஒரு விரல் என்றால் நேராக, வேகமாக. இரண்டு என்றால் வளைந்து வர வேண்டும். மூன்று என்றால் கடைசியில் பக்கவாட்டில் நழுவ வேண்டும். பிட்சர் சரியென்று தலையசைத்துவிட்டு எறிவான். அதாவது, மூளை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கைக்குத்தான் மாலை போடுவார்கள், அது வேறு விஷயம்.

பாண்டியைக் கண்டுபிடித்தவன் நான். ஜோஷ்வா சார் தான்தான் என்று சொல்வார். வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள். அப்போது எனக்குப் பதினேழு, அவனுக்குப் பன்னிரண்டு. திராட்சைத் தோட்டத்தில் மைனா விரட்டிக்கொண்டிருந்தான். பந்தலுக்குள் உட்கார்ந்திருக்கும் மைனாவை மண்ணாங்கட்டியால் அடிப்பான், கொத்திலிருந்து ஒரு பழம் உதிராது. நான் அவன் கையில் பந்தைக் கொடுத்து, இருபது அடி தள்ளி உட்கார்ந்து, என் நெஞ்சுக்கு நேராகக் கையுறையைப் பிடித்தேன். அதன் பிறகு பதினாலு வருடம் நான் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

என் இடது கையைப் பாருங்கள். சுட்டுவிரல் இரண்டு தடவை ஒடிந்தது. நடுவிரல் மடங்காது. முழங்கால் இரண்டும் படியேறும்போது சத்தம் போடும். மற்றபடி சௌக்கியம்.

பாண்டி மளமளவென்று மேலே போனான். மாவட்டம், மாநிலம், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, பஞ்சாபில் நடந்த தேசியப் போட்டியில் தங்கம். மாநில அணியில் நானும் இருந்தேன். தங்கம் வாங்கித் திரும்பியபோது சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். பாண்டி கையில் கிரிக்கெட் மட்டையைக் கொடுத்திருந்தார்கள், பேஸ்பால் மட்டை படம் கிடைக்கவில்லையாம். கீழே வாழ்த்துகிறவர்கள் என்று எழுபத்திரண்டு முகங்கள். அதில் ஒருவர் செத்து மூன்று மாதமாகியிருந்தது. அவருக்குக்கூட இடம் இருந்தது. எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

பிறகு ஜப்பான்காரர் ஒருவர் வேகம் அளக்கும் கருவியோடு வந்தார். ஒரு மணி நேரம் அவன் எறிந்தான், நான் வாங்கினேன். மணிக்கு நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டியது. ஜப்பான்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் குனிந்து வணக்கம் வைத்தார். பாண்டிக்கு அங்கே ஒரு சின்ன ஊர் அணியில் ஒப்பந்தம். எனக்கு ஒரு தொப்பி. நல்ல தரம், இன்னும் சாயம் போகவில்லை.

இரண்டு வருடம் ஜப்பானில் இருந்தான். பதினாலு வருடக் கணக்கில் அந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். நான் பாட்டுக்கு இங்கே தினமும் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்து எழுந்து பயிற்சி செய்துகொண்டுதான் இருந்தேன். யாராவது ஒருவர் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? ஆரம்பத்தில் தினமும் போன் செய்தான், பிறகு வாரம் ஒரு தடவை. பிறகு, அவனுக்கும் வேலை இருக்கும்தானே.

போன வருடம் பங்குனியில் ஊருக்கு வந்தான். அமெரிக்காவில் ஒரு பெரிய அணி அவனைத் தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டிருந்தது. ஜூன் மாதம் பத்தாம் தேதி. அதில் தேறிவிட்டால் அவன் எங்கேயோ போய்விடுவான். அவன் அம்மா சங்கிலியம்மாள், மகன் நல்லபடியாகத் தேற வேண்டும் என்று வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். சித்திரைத் திருவிழாவில் அவன் தீச்சட்டி எடுத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

எங்கள் தெருவில் யார் தீச்சட்டி நேர்ந்தாலும் நிரப்பிக் கொடுப்பது நான்தான். இதில் ஒன்றும் மந்திரமில்லை. சட்டியின் அடியில் நாலு விரல் கனத்துக்கு ஈர மணல் பரப்ப வேண்டும். அதன்மேல் சாம்பல். அதன்மேல்தான் கரியும் விறகும். நெருப்பு மேலே திகுதிகுவென்று எரியும், அடியில் சூடு இறங்காது. சட்டிக்கும் கைக்கும் நடுவே கனமாக வேப்பிலை. அம்மன் காக்கிறாள் என்பார்கள். காக்கட்டும். மணலும் சேர்ந்து காக்கிறது. பதினோரு வருடத்தில் நான் நிரப்பிய சட்டியால் ஒருவருக்குக்கூடக் கொப்புளம் வந்ததில்லை. சங்கிலியம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"நீதான்ப்பா நெரப்பிக் குடுக்கணும், சுருளி. ஓங் கையி ராசியான கையின்னு எல்லாரும் சொல்றாக," என்றார்.

சரி என்றேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேனியில் ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். ஜப்பான் பாண்டி ஆடுகிறான் என்று ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம். நல்ல கூட்டம். பாதிப் பேருக்கு ஆட்டம் புரியவில்லை, இருந்தாலும் கை தட்டினார்கள். நான் பழையபடி முகமூடி மாட்டி உட்கார்ந்தேன். கடைசி மட்டைக்காரன் வந்தான். நான் ஒரு விரல் காட்டினேன். பாண்டி இடம் வலமாகத் தலையை ஆட்டினான்.

எனக்குப் புரியவில்லை. வெயில் கண்ணைக் கூசுகிறது போல என்று நினைத்து இரண்டு விரல் காட்டினேன். மறுபடியும் வேண்டாம் என்று ஆட்டினான். மூன்று காட்டினேன். அதற்கும் ஆட்டினான். என்னிடம் இருந்ததே அவ்வளவுதான். அவன் பந்தெறியும் மேட்டிலிருந்து இறங்கி என்னிடம் வந்தான்.

"நாலாவது ஒண்ணு இருக்குண்ணே. அங்கன கத்துக்கிட்டேன். டபக்குனு கீழ எறங்கிரும். நீங்க சும்மா வாங்குங்கண்ணே, போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான், மரியாதையாகத்தான் சொன்னான். பந்து நேராக வந்தது, மட்டைக்கு ஒரு முழம் முன்னால் டபக்கென்று இறங்கியது. மட்டைக்காரன் காற்றை அடித்தான். பந்து என் கையுறைக்குக் கீழே புகுந்து, கால் இடுக்கு வழியாகப் பின்னால் ஓடியது. ஆட்டம் முடிந்தது, நாங்கள் ஜெயித்தோம். கூட்டத்தில் சிரிப்பு வந்தது. பேஸ்பால் தெரியாதவர்களுக்கும் அது புரிந்துவிட்டது.

நான் கோபப்படவில்லை. அவனை முதுகில் தட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவன் எதிர்காலத்தைப் பற்றித்தான் கவலை வந்தது. சொல்கிற பேச்சைக் கேட்காமல் அவன் பாட்டுக்கு எறிய ஆரம்பித்துவிட்டான். முன்பின் தெரியாத தேசத்துக்கு வேறு போகிறான். அங்கே யார் அவனுக்குப் புத்தி சொல்வார்கள்? தடுக்க வேண்டிய கடமை யாருக்கு இருக்கிறது? ஜோஷ்வா சாருக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. சங்கிலியம்மாளுக்கு விவரம் போதாது. சுற்றிச் சுற்றி அது என்னிடம்தான் வந்து நின்றது.

வீரபாண்டி கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டார்கள். பாண்டி காப்புக் கட்டி இருபத்தொரு நாள் விரதம் ஆரம்பித்தான். சட்டி நிரப்புகிறவனும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நானும் விரதம் இருந்தேன். இருபத்தொரு நாளும் கோழி அறுத்தேன், ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. விரல் சுத்தம், வாய் சுத்தம். இந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

மணலை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்ததும் ஒரு சிக்கல் வந்தது. சட்டி லேசாகிவிடும். பாண்டியின் கையை உங்களுக்குத் தெரியாது. நூற்று நாற்பத்தைந்து கிராம் பந்தில் இரண்டு கிராம் குறைந்தால் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவான். அதனால் மணலையும் சாம்பலையும் கடைத் தராசில் நிறுத்தேன். மூன்று கிலோ இருநூறு கிராம். எலக்ட்ரானிக் தராசு வாங்கிய பிறகு பழைய எடைக்கற்கள் கடையில் சும்மா கிடந்தன. இரண்டு கிலோ கல் ஒன்று, ஒரு கிலோ ஒன்று, இருநூறு கிராம் ஒன்று. இப்படிக் கச்சிதமாக அமைவது அபூர்வம். மூன்றையும் அடியில் வைத்து, மேலே கொட்டாங்குச்சி, புளியங்கரி. இரும்பு மெதுவாகத்தான் சூடேறும். ஏறிவிட்டால் சீக்கிரத்தில் இறங்காது. வேப்பிலையை மட்டும் அன்றைக்குப் பறித்ததாகவே வைத்தேன். சாமி காரியத்தில் வாடின இலை வைக்கக்கூடாது.

செவ்வாய்க்கிழமை, திருவிழாவின் முதல் நாள். முல்லையாற்றில் முங்கி எழுந்து, மஞ்சள் வேட்டி ஈரம் சொட்ட நின்றான் பாண்டி. நான்தான் பற்றவைத்து அவன் இரண்டு கையிலும் ஏந்தக் கொடுத்தேன். ஒரு தடவை ஏந்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். எடையில் சந்தேகமே வரவில்லை.

ஆற்றங்கரையிலிருந்து கோயில் இருபது நிமிட நடைதான். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஓட்டை போட்ட ஆயிரங்கண் பானை சுமக்கிறவர்கள், சேறு பூசிக்கொண்டவர்கள், ரங்கராட்டினத்துக்கு வழி கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே பாதையில் வந்தார்கள். முதல் கால் மணி நேரம் பாண்டி நன்றாகவே நடந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"சுடுதுண்ணே."

"தீச்சட்டி சுடாம என்னடா செய்யும்? நட."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் திரும்பினான். "தாங்க முடியலண்ணே. செத்த வாங்கிக்கிறீகளா?"

"கீழ எறக்குனா ஆத்தா குத்தமாகிரும். ஒங்கம்மா பின்னாலயே வர்றாக, பாரு."

அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். சங்கிலியம்மாள் கை கூப்பியபடி வந்துகொண்டிருந்தார். முன்னால் திரும்பி நடந்தான். மேளச் சத்தத்தில் பேச்சு எடுபடாததால் நான் அவனுக்கு ஒரு விரலை நீட்டி, நேராகப் போ என்று காட்டினேன். தலையசைத்தான். போனான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன பேச்சைக் கேட்டால் அவன் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதைப் பார்த்த பெண்கள் அருள் வந்துவிட்டது என்று குலவை போட்டார்கள். சங்கிலியம்மாளும் போட்டார். கற்பூரமும் வேப்பிலையும் மணந்த மணத்தில் யாருக்கும் வேறு வாடை தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தினமும் கோழியை வாட்டுகிறவன் இல்லையா?

கோயில் வாசலில் சட்டியை இறக்கும்போது அது கையை விட்டு உடனே வரவில்லை. அதற்கு மேல் சொல்ல வேண்டாம், நீங்கள் வடை சாப்பிடுகிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தான். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். இடது கை பரவாயில்லை. வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் மடங்காது, நுனியில் உணர்ச்சியும் இல்லை. பந்தின் மேல் சிவப்பு நூலில் தையல் இருக்கும். அது விரலுக்குத் தெரிந்தால்தான் பிட்சர். ஜூன் பத்தாம் தேதி அவன் கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அதையும் எழுதுங்கள். மூன்று மாதம் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியது நான். சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டது நான். பல் தேய்த்துவிட்டது நான். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று ஊரே சொன்னது. இப்போது பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கிற வேலைக்கு ஜோஷ்வா சாரிடம் பேசிச் சேர்த்துவிட்டிருக்கிறேன். காலையில் என் வண்டியில்தான் போகிறான், சாயங்காலம் என் வண்டியில்தான் வருகிறான்.

எடைக்கற்களா? சட்டி ஆறியதும் எடுத்து ஆற்றில் கழுவிக் கொண்டுவந்துவிட்டேன். கடைப் படுதா பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன், அதோ தெரிகிறது.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். பரவாயில்லை. நீங்கள் அப்படியே அச்சடித்தாலும் இந்தப் பக்கத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆத்தா செய்ததை ஒரு கோழிக்கடைக்காரன் தன் பெயரில் எழுதிக்கொள்கிறான் என்று என்னைத்தான் உதைக்க வருவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னாலும், முதலில் அம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வா என்பார்கள். விரதத்தில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அதனால்தான் சுட்டுவிட்டாள் என்று முதல் நாளே ஊர் முடிவு செய்துவிட்டது. என்ன தப்பு என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது. சங்கிலியம்மாள் தன் பக்கம்தான் ஏதோ தீட்டு என்று இன்றைக்கும் ஒருவேளைதான் சாப்பிடுகிறார்.

போன மாதம் பாண்டி என் கடைக்கு வந்தான். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தான். பிறகு அந்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் கத்தியை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"நான் முட்ட தின்னேண்ணே. விரதத்துல. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆஃப்பாயிலு. ஒடம்பு எளைச்சுப் போகுது, கேம்ப்ல தேற மாட்டோமோன்னு பயத்துல தின்னுட்டேன். ஆத்தா சும்மா விடுவாளா? ஏங் கையி போனதப் பத்திக்கூட எனக்குக் கவல இல்லண்ணே. பதினாலு வருசம் எனக்காக ஒக்காந்தீக. ஒங்க ஒழைப்பெல்லாத்தையும் ஒரு முட்டையில அழிச்சுப்புட்டேன். என்னைய மன்னிச்சிருங்கண்ணே."

நானும் இருபத்தொரு நாள் விரதம் இருந்தவன். அத்தனை கோழிக்கு நடுவில் நின்று ஒரு துண்டு தொடாதவன். அப்படிப்பட்டவனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? இருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டு அவன் தலையில் கை வைத்தேன். "அழாதடா. நான் மன்னிச்சுட்டேன்," என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்று மாதம் நான் ஊட்டிவிட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பத்து மாதமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடமே மறைத்து வைக்க அவனுக்கு எப்படித்தான் மனசு வந்தது?